அறுந்த கயிறு

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில், 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கிறது மாட்டர்ஹார்ன் சிகரம். 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் எட்வர்ட் விம்பர் முதலிய எழுவர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். இறங்குகையில், பழக்கமில்லாத இளைஞர் ஒருவர் கால் சறுக்கி, முன்னே சென்ற வழிகாட்டிமேல் விழுந்தார். பின்னிருந்த இருவரையும் கயிறு இழுத்தது, பின்பு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் பிழைத்தனர்.

அறுந்த இடத்துக்கு மேலே நின்றவர் செர்மாட் ஊர் வழிகாட்டி மூத்த பீட்டர் டவுக்வால்டர். தம் உயிரைக் காக்க அவரே கயிற்றை அறுத்தார் என்று வதந்தி எழுந்தது. விசாரணையில் அவர் நிரபராதி எனக் கண்டார்கள். கயிறு வெட்டப்படவில்லை என்று விம்பரும் எழுதினார். ஆனால், கொண்டுபோனவற்றுள் நலிந்த கயிற்றை அவர் ஏன் கட்டினார் என்ற ஐயத்தையும் உடன் எழுதிவைத்தார். ஒரு கையால் துடைத்த கறையை மறு கையால் பூசியதுபோலாயிற்று!

அன்பர்களே, பிழைத்திருப்பதும் ஒரு குற்றமா? துயரம் நேர்ந்தால், காரணத்தைத் தேடுவதைவிடக் குற்றவாளியைத் தேடுவது நம் மனத்துக்கு எளிது. பிறர் உள்ளத்து நோக்கத்தைக் கண்டவர் யார்? சான்றில்லாத இடத்தில் நாவை அடக்குவது வெறும் தயவன்று. அயலானுக்கு நாம் செலுத்தவேண்டிய நீதி.