சோறு எங்கிருந்து வருகிறது?



டில்லி மாநகரின் தென்பகுதியில் சரோஜினி நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென எழுந்த அவ்விடம் தொடக்கத்தில் வினய் நகர் என வழங்கிற்று. வினயம் நம் பிடகங்களுள் ஒன்றன் பெயரன்றோ! பின்னர், 1917-இல் பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டி மாண்டேகுவிடம் தூது சென்ற சரோஜினி அம்மையாரின் பெயரை அது தாங்கலாயிற்று. 2016-இல் அரசாங்கம் செய்த முடிவின்படி அங்குள்ள பழைய வீடுகள் இடிபடத் தொடங்கின. அதற்கு முன்னர், அவ்வீடுகளுள் ஒன்றில் வாழ்ந்த தமிழ்ப் பௌத்தக் குடும்பத்தாரின் அழைப்பை ஏற்று வைசாகப் பௌர்ணமியன்று நாம் சென்றிருந்தோம்.

இரண்டே அறைகள், ஒருவர் நின்றால் மற்றவர் திரும்ப இயலாத சமையற்கட்டு, வெளியே டில்லியின் கோடை வெயில். முனிர்க்காவிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் வந்தோர் முப்பதின்மர் இருக்கலாம். வெண்ணிற ஆடை உடுத்து, பகவான் திருவுருவின் முன் அமர்ந்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம். பின்னர் நாம் பேசினோம். பிறப்பினால் ஒருவன் இழிந்தவனுமாகான், உயர்ந்தவனுமாகான், செய்கையே அவனை ஆக்குகிறது என்னும் பகவானின் போதனையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் விரித்துரைத்தோம். நன்றாகவே பேசியதாக நமக்கு ஓர் எண்ணம்.

பேச்சு முடிந்து எழுந்தபோதுதான் இல்லத்தரசியாரைக் கண்டோம். முகமெல்லாம் வியர்வை. மூத்த மகள் அருகே நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மகனோ முன்வரிசையில் அமர்ந்து நம் பேச்சைக் கேட்டிருந்தான்.

"அம்மா, சரணம் சொல்ல வரவில்லையே?" என வினவினோம்.

"பாயசம் அடிப்பிடித்துவிடும் ஐயா. இங்கிருந்தே வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். போன வருஷமும் அப்படித்தான்" என்றார்.

சுஜாதை அளித்த பால்சோற்றின் நினைவாக நாம் பாயசம் வைக்கிறோம். அப்பாயசத்தின் பொருட்டு ஓர் உபாசிகை ஈராண்டுகள் சரணத்தில் அமரவில்லை. நாம் விடையின்றி நின்றோம்.

அன்பர்களே, நாம் எதனை விட்டு வந்தோம்? 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956 அக்டோபர் 14-இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்றதும் எதற்காக? இன்ன தொழில் இன்ன பிறப்பினர்க்கு என விதித்த கட்டினை அறுப்பதற்கன்றோ! தெருவில் அக்கட்டினை அறுத்த நாம், சமையற்கட்டின் வாயிலில் அதனை மீண்டும் முடிந்து வைத்திருக்கிறோம். மகளாய்ப் பிறந்தவள் அடுப்படியில். மகனாய்ப் பிறந்தவன் முன்வரிசையில். இதுவும் பிறப்பு விதித்த தொழிலே.

அனுருத்தர் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்க்கத் தகும். சாக்கிய குலத்து இளவரசர்கள் மூவர் ஒருநாள் சோறு எங்கிருந்து வருகிறது என்று வாதிட்டதாகத் தம்மபத உரை கூறுகிறது. களஞ்சியத்திலிருந்து என்றார் கிம்பிலர். பானையிலிருந்து என்றார் பத்தியர். பொற்கிண்ணத்திலிருந்து என்றார் அனுருத்தர். உழுவதையும் உலையையும் கண்டிராதவர்க்கு உண்கலமே சோற்றின் பிறப்பிடம்! பண்டிகை நாளில் நாற்காலியில் அமர்ந்து இலை போடப்பட்டதா எனக் கேட்கும் நம்மவர் பலரும் இவ்விளவரசரின் வழியினரே.

அந்த அனுருத்தரே துறவு பூண்டு, நந்தியர், கிம்பிலர் ஆகியோருடன் கோசிங்க வனத்தில் வாழ்ந்தபோது பகவான் அங்கு எழுந்தருளினார். ஊக்கத்துடன் வாழ்கின்றீர்களா என வினவினார். அனுருத்தர் தியானத்தைப் பற்றியன்று, வீட்டு வேலையைப் பற்றியே முதலில் விடை கூறினார். பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கை இட்டு, நீர் எடுத்து வைக்கிறார். கடைசியில் திரும்புபவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து இடத்தைப் பெருக்குகிறார். குடம் வெறுமையாயிருப்பதைக் கண்டவர் எவரோ அவரே நிரப்புகிறார். கனம் மிகுந்தால் கைச்சாடையால் மற்றவரை அழைத்து இருவருமாய்த் தூக்குகின்றனர். ஏவுவார் இல்லை. 'இது உன் வேலை' என்ற சொல்லும் இல்லை. கண்டவர் கடமை, அவ்வளவே.

சிகாலோவாத சூத்திரத்தில் இல்லப் பணிகளைச் செவ்வனே அமைத்தல் மனைவியின் கடமை எனப்பட்டுள்ளதே எனச் சிலர் கேட்பர். உண்மை, அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் அதே சூத்திரம் மனைவியை மதித்தலையும், இல்லத்தின் அதிகாரத்தை அவளிடம் ஒப்படைத்தலையும் கணவனுக்கு விதிக்கிறது. அமைப்பவள் அவளாயின், அவள் ஏவிய வெங்காயத்தை உரிப்பவன் கணவனாயிருத்தல் சூத்திரத்திற்கு மாறன்று.

நம் தமிழ்க் காப்பியமோ இன்னும் தெளிவு. மணிமேகலையின் கைக்கு வருமுன் அமுதசுரபியை ஏந்தியவன் ஆபுத்திரன். பிறப்பினைச் சொல்லி இகழப்பட்ட அவ்வாண்மகனே மதுரையில் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் சோறிட்டான்.

2019-இல் அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்டிர் அதற்கு நாளொன்றில் 299 நிமிடம் செலவிட்டனர். ஆடவர் 97 நிமிடம். அவ்வாறு செய்த ஆடவரும் நூற்றுக்கு 26 பேரே. இது எல்லா நாட்களுக்கும் சேர்த்த கணக்கு. நாம் கவலுவது சிறப்பு நாட்களைப் பற்றி. டில்லி போன்ற ஊரில், தாயும் தமக்கையும் அருகில் இல்லாத வீட்டில், பால் வாங்குவதும் காய் நறுக்குவதும் செய்யும் கணவர் பலரை நாம் அறிவோம். உறவினர் வந்து இறங்கியவுடன் அவர்களே கரண்டியைக் கீழே வைத்துவிடுகின்றனர். பிறர் கண் அஞ்சுகின்றனர். அதிலும், 'மகனைக் கரண்டி பிடிக்க வைத்துவிட்டாள்' என்னும் பழி மனைவியின் மேலேயே விழுவதால் அவளாக அழைக்கவும் மாட்டாள். ஆதலின் விருந்தினர் முன்னிலையில் கணவன் தானே எழுந்து செல்லல் வேண்டும். மறைவிற் செய்த உதவி அன்றைக்குப் போதாது.

இவற்றையெல்லாம் அக்குடும்பத்தார்க்கு அன்றே சொன்னோம். சொன்ன நமக்கும் நம் இல்லத்தில் அதுவரை செய்திராத வெட்கம் இருந்தது. மறு ஆண்டு மீண்டும் அழைத்தனர். பாயசம் இல்லை, புளியோதரையும் தயிர்ச்சோறும் மட்டுமே. தந்தையும் மகனும் விடியுமுன் எழுந்து செய்தனராம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டியார் முதலில் முகம் சுளித்தார், பின்னர், "கடலையை யாருடா இப்படிக் கருக்கினது?" எனப் பேரனைக் கேட்டார். உப்பும் சற்று மிகுதிதான். உண்டவர் அவரவர் தட்டைக் குழாயடியில் கழுவி வைத்தனர்.

அதற்கு முன் சரணம் ஓதியபோது அம்மையார் மகளுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மூன்றாம் முறை சங்கத்தைச் சரணடையும் வேளையில், பழக்கத்தினால் சமையற்கட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது.