அளவும் அனுபவமும்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அதிலிருந்த நீச்சல் குளம், உணவு விடுதிகள், சூதாட்டக் கூடம் இவற்றை விவரித்துப் பத்திரிகைகள் பத்திகளை நிரப்பிக்கொண்டன. அக்கப்பலின் பயணத் திட்டங்களில் ஒன்று, சென்னையில் ஏறி, இரண்டு இரவுகள் கடலில் கழித்துவிட்டு, சென்னையிலேயே இறங்குவது. போய்ச் சேரும் ஊர் என்று எதுவும் கிடையாது. இது வெறும் கேலிக்குரிய விஷயமாக எனக்குப் படவில்லை. பயணம் என்பதிலிருந்து போய்ச் சேருவதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நியாயமாகப் பார்த்தால் கடல் மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறதா?

‘எம்ப்ரஸ்’ என்ற அந்தக் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது. சுமார் 48,500 டன். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் 46,328 டன்தான். ஆனால் இன்றைய உல்லாசக் கப்பல் வியாபாரத்தில் ‘எம்ப்ரஸ்’ ஒரு சின்னக் கப்பல். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐக்கன் ஆஃப் த ஸீஸ்’ 2,48,663 டன், நீளம் 365 மீட்டர், இருபது தளங்கள், நிறைய ஏற்றினால் 7,600 பயணிகள், அவர்களுக்குப் பணிசெய்ய 2,350 ஊழியர்கள். இங்கே ஒரு திருத்தம் அவசியம். நம் பத்திரிகைகள் இந்த டன் கணக்கை எடை என்றே நினைத்து எழுதிவருகின்றன. இது எடை அல்ல. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவைக் குறிக்கும் எண். கப்பல்கள் பெரிதாகிவிட்டன என்று சொல்லும்போது, கப்பல்களின் ‘உள்ளே’ என்பது பெரிதாகிவிட்டது என்றுதான் சொல்கிறோம்.

கூட்டம் பெருகிவிட்டது என்பது வழக்கமான குறை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு ‘ரஜூலா’ என்ற பெயர் நினைவிருக்கும். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் துவக்கம் வரை ஓடிய கப்பல். 8,478 டன். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ‘டெக்’ பயணிகளை ஏற்ற ஆரம்பத்தில் அனுமதி இருந்தது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன் (வங்கி உத்தியோகம் தந்த வியாதி). ரஜூலாவில் ஒருவனுக்குக் கிடைத்தது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். ‘ஐக்கன்’ நிரம்பி வழியும்போதும் ஒருவருக்கு முப்பத்திரண்டு டன். ஆகவே புதிதாக நேர்ந்திருப்பது நெரிசல் அல்ல. மனிதனுக்கும் கடலுக்கும் நடுவில் கப்பல் இருபது மடங்கு அதிகமாக வந்து நிற்கிறது.

அந்த இருபது மடங்கை எதைக்கொண்டு நிரப்புவது? 2009-இல் வந்த ‘ஒயாஸிஸ்’ கப்பலின் நடுவயிற்றில் நிஜச் செடிகொடிகளோடு ஒரு பூங்கா வைத்தார்கள். அந்தப் பூங்காவைப் பார்த்தபடி பால்கனி உள்ள அறைகளும் உண்டு. கடலில் மிதந்துகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்வதற்கு ஒரு பால்கனி. அடுத்து 2014-இல் ‘குவாண்டம்’ கப்பலில் ஜன்னலில்லாத உள்ளறைகளின் சுவரில் ஆளுயரத் திரை பொருத்தி, வெளியே காமிரா பிடிக்கும் கடலை அதில் காட்டினார்கள். சுவருக்கு அப்பால் கடல் இருக்கிறது. சுவரில் கடலின் படம் ஓடுகிறது. இதைக் கற்பனை செய்து ஒருவர் கதை எழுதியிருந்தால், வலிந்து செய்த குறியீடு என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

அழகியலில் இதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பர்க் 1757-இலும் கான்ட் 1790-இலும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத் தொட்டார்கள். கொந்தளிக்கும் கடல் போன்ற பேருருக்கள் நம்மை உயர்த்துவது, நாம் ஓரளவு பத்திரமாக நின்று அவற்றைப் பார்க்கும்போதுதான். முழுகிக்கொண்டிருப்பவனுக்குக் கடல் ஓர் அழகியல் அனுபவம் அல்ல. ஆக, பாதுகாப்பு அனுபவத்துக்கு விரோதி இல்லை. அதன் முன் நிபந்தனை. ஆனால் இருவரும் யோசிக்க வேண்டியிராத ஒரு நிலை இன்று வந்திருக்கிறது. பாதுகாப்பு வளர்ந்து வளர்ந்து, எதிலிருந்து பாதுகாப்பு என்பதே பிரக்ஞையிலிருந்து நழுவிப்போகும் நிலை.

கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, இலஞ்சியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். இலஞ்சி என்றால் குளம். எங்கள் ஊருக்கு வாய்த்த நீர் அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது. பேரருவி பாதி வழியில் விழுந்து பொங்கும் பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடலைப் பற்றி எங்கள் பக்கத்து மக்களுக்கு ஏதோ தெரிந்துதான் இருக்கிறது. சீசனில் அருவிக்கடியில் நிற்பவன் தன் இஷ்டப்படி நிற்க முடியாது. பிடரியில் அறை விழுகிறது, மூச்சு முட்டுகிறது, போலீஸ்காரர் விசில் அடித்து வெளியேற்றுகிறார். நீர் அதிகமானால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. இந்த நிச்சயமின்மை பிடிக்காதவர்களுக்காகச் சில தனியார் விடுதிகள் ஓடைகளைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள்ளேயே அருவி கட்டிக்கொண்டன. விவகாரம் 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிற்று. அந்த அருவியில் தள்ளுமுள்ளு இல்லை, தடை இல்லை. வேண்டும்போது விழும். மலையில் நீர் குறைந்தால் என்ன ஆகிறது என்று அதில் குளிப்பவன் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அறவியல் சிக்கல் தொடங்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ரஜூலாவின் ‘டெக்’ பயணி கடலை அனுபவித்தானா? ரப்பர் தோட்டத்துக்குப் போன கூலி, வாந்திக்கும் மூட்டைமுடிச்சுகளுக்கும் நடுவில் சுருண்டு கிடந்தவன், தனக்கும் அலைக்கும் நடுவில் ஒரு சுவர் வந்தால் போதும் என்றுதான் வேண்டியிருப்பான். அவன் பட்டதை எடுத்து ‘அசல் அனுபவம்’ என்று இன்று நாம் கொண்டாடுவது அயோக்கியத்தனம். கப்பல் ஓட்டலாகிவிட்டது என்ற புலம்பலும் புதிதல்ல. மாலுமியாக இருந்த கான்ராட் 1912-லேயே டைட்டானிக்கைப் பற்றி இதையே எழுதினார். பெரிய கப்பல்கள் கட்டணத்தைக் குறைத்து, ஒரு காலத்தில் துரைமார்களுக்கு மட்டுமே இருந்ததைக் குமாஸ்தாவுக்கும் எட்டச் செய்திருக்கின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. நானும் குமாஸ்தாதான்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை. கூலி கேட்டிருக்கக்கூடிய சுவர் அலையைத் தடுக்கும் சுவர். இப்போது எழுப்பப்படுவது வேறு வகை. தான் தடுக்கும் பொருளின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும் சுவர். ‘ஐக்கனை’ நடத்தும் ராயல் கரீபியன் நிறுவனம் பஹாமாஸில் தன் பயணிகளுக்கென்றே ஒரு சிறு தீவை வைத்திருக்கிறது. அங்கேயும் நன்னீர்க் குளம், சறுக்கு கோபுரங்கள், செயற்கை அலை எழுப்பும் தொட்டி. சுற்றிலும் நிஜ அலை அடித்துக்கொண்டிருக்கும் தீவில்! கப்பலிலிருந்து இறங்கியவன் மறுபடியும் கப்பலுக்குள்ளேயேதான் இறங்குகிறான். மற்ற ஊர்கள் கப்பலுக்கு இடைஞ்சலாகிவிட்டன. சில ஊர்களுக்குக் கப்பலே இடைஞ்சலாகிவிட்டது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் முன்னால் வரக்கூடாதென்று 2021 ஆகஸ்டில் வெனிஸில் தடை வந்தது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்னைக் கப்பலில் குடும்பத்தோடு போய்வந்தார். சாப்பாடு, மேஜிக் ஷோ, பிள்ளைகளின் குதூகலம் எல்லாவற்றையும் ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சொன்னார். கடல் எப்படி என்று கேட்டேன். “இருந்துச்சு சார், சுத்தி” என்றார். பிறகு யோசித்து, தன் தாயாரை வைத்துக்கொண்டுதான் பெரும்பாடாகிவிட்டது என்றார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர், இரண்டு ராத்திரியும் தூங்காமல், ஷோ எதற்கும் வராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் தண்ணீரையே பார்த்து நின்றாராம். உள்ளே வாங்க அம்மா என்று நாலைந்து முறை போய்க் கூப்பிட வேண்டியிருந்ததாம். 1990-இல் கட்டிய கப்பல். ஓரத்தில் நின்றால் தண்ணீர் கிட்டத்தில் தெரியும்.