ஜெபத்தோடு வரும் சிரிப்பு

ஜெபம் என்றதும் முழங்காலும் கண்ணீரும் ஞாபகத்துக்கு வருகின்றன. விளையாட்டுத்தனம் என்றால் பொறுப்பற்ற ஆள் ஞாபகத்துக்கு வருகிறான். இரண்டும் ஒரே மனசில் குடியிருக்காது என்று பலரும் முடிவுகட்டிவிட்டோம். தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைத் துறவியாக இங்கே வந்த வீரமாமுனிவர், புனித சூசையப்பரின் பெருமையைத் தேம்பாவணி என்ற காப்பியமாகப் பாடினார். மூடக் குருவையும் அவருடைய சீடர்களையும் பற்றிய சிரிப்புக் கதையான பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் அவரேதான்.

பேச்சுத்தமிழ் பழகுகிறவர்களுக்காக எழுதிய கதைதானே, அதற்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கதைக்குள் போய்ப் பாருங்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, குருவும் ஐந்து சீடர்களும் அக்கரை சேர்கிறார்கள். ஒருவன் தலைகளை எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. தன்னை விட்டுவிட்டு எண்ணியது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். லூக்கா நற்செய்தியில் ஆலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயன் செய்ததும் இந்தக் கணக்கைத்தான்: ஊரார் பாவத்தையெல்லாம் எண்ணினான், தன்னுடையதை விட்டுவிட்டான். அதே ஆலயத்தில் ஜெபித்த ஆயக்காரனோ, அதாவது வரி வசூலிப்பவனோ, தன்னிலிருந்து எண்ணத் தொடங்கினான். இயேசு சபையார் நாள்தோறும் செய்யும் ஆத்தும சோதனையும் தன்னை எண்ணிப் பார்க்கிற பயிற்சிதான். அந்த வேலையை ஜெபம் மௌனமாகச் செய்கிறது, நல்ல நகைச்சுவை சிரிக்க வைத்துச் செய்கிறது.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பரியாசத்தைக் கண்டித்திருக்கிறாரே என்பார்கள். அவர் அதை வைத்திருப்பது ஆபாசப் பேச்சின் பக்கத்தில். மனிதரை இழிவாக்கும் வாய்த்துடுக்கைத்தான் அவர் விலக்கச் சொல்கிறார். இயேசு சிரித்ததாக வேதத்தில் இல்லையே என்பது இன்னொரு கேள்வி. ஆனால் கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவனையும், கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண் துரும்பை எடுக்கப் போகிறவனையும் காட்டியவர் அவர்தானே? கேட்ட கூட்டம் சிரிக்காமல் இருந்திருக்குமா? 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ், மனசு இளைப்பாற விளையாட்டு தேவை, எப்போதும் இழுத்துக் கட்டிய வில் முறிந்துபோகும் என்றார். இடமும் காலமும் பார்க்க வேண்டும், ஆபாசம் கூடாது என்று வரம்பும் வைத்தார்.

அந்த வரம்பைக் கற்றுத்தருவது ஜெபம்தான். துக்க வீட்டில் வேடிக்கை கொடுமை. எளியவனைக் கேலி செய்வது பாவம். கடவுள் முன் நின்று தன் அளவு தெரிந்துகொண்டவன், முதலில் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பான். தன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாத பக்தி மெல்ல மெல்ல அடுத்தவரை அளக்கும் கோலாக மாறிவிடும். ஆகவே இன்று உங்கள் ஜெபத்தில் குறைகளை எண்ணும்போது, உங்களிடமிருந்தே தொடங்குங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான்.