கருவியும் சாட்சியும்

போரில் பயன்பட்ட வாளையும் வேலையும் அருங்காட்சியகத்தில் வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அவற்றைக் கண்டு எவரும் மனம் கலங்குவதில்லை. வாளைப் பிடித்த கையும் அதற்கு இரையான உடலும் நூற்றாண்டுகளுக்கு அப்பால் மறைந்துவிட்டன. ஆனால், ஒரு கருவியால் மடிந்தோரின் மக்களும், அதனின்று தப்பியோரும் உயிருடன் இருக்கும்போதே அக்கருவியைத் துலக்கி மெருகிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தினால் அதனை என்னென்று சொல்வது? இது கற்பனை வினா அன்று. 'எனோலா கே' என்னும் அமெரிக்கப் போர் விமானத்தை மனத்திற்கொண்டே இதனை எழுப்புகின்றோம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டை வீசிய பி-29 விமானம் இதுவே. அதனைச் செலுத்திய பால் டிபெட்ஸ் தம் அன்னையின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். ஒரு தாயின் பெயர் எத்தகைய பயணத்தில் ஏறிச் சென்றது என்பதை வாசக நேயர்கள் எண்ணிப் பார்க்கட்டும்! அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பது அந்நகராட்சியின் மதிப்பீடு.

1949 இல் இவ்விமானம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. வந்ததே தவிர, நிழல் கிட்டவில்லை. 1953 முதல் மேரிலாந்திலுள்ள ஆண்ட்ரூஸ் விமானப் படைத் தளத்தில் வெட்டவெளியிலே கிடந்தது. மழை நனைத்தது, பறவைகள் கூடு கட்டின, நினைவுப் பொருள் தேடி வந்தவர்கள் கைக்கு எட்டியதைக் கழற்றிக்கொண்டு போயினர். 1960 ஆம் ஆண்டு வாக்கில் பகுதி பகுதியாகப் பிரித்து, சூட்லண்ட் என்னுமிடத்துக் கிடங்கில் சேர்த்தனர். செப்பனிடும் பணி தொடங்கியது 1984 டிசம்பரிலேதான்.

அப்பணிக்குச் செலவான உழைப்பு ஏறக்குறைய 3,00,000 மணி நேரம். ஒரே மனிதர் நாளுக்கு எட்டு மணி வீதம் ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தால் 125 ஆண்டுகள் ஆகும்! அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு ஏறுவதன்று. ஈரமும் உப்பும் பறவை எச்சமும் பட்டால் வெண்பொடியாய்ப் பூத்து உதிர்வது. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் இக்கேடு இன்னும் விரைந்து பரவும். ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, படமெடுத்து, குறிப்பெழுதி, அரிப்பை நீக்கி, மீண்டும் அரிக்காமல் காப்பிட்டு, பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும்.

இங்கே இத்தொழிலின் நெறி ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். பழைய விமானத்தை மீண்டும் பறக்கவிட விரும்புவோர் வலுவிழந்த உறுப்பை இரக்கமின்றி நீக்கிப் புதியதை மாட்டுவர். உயிர்ப் பாதுகாப்பு அதனை வேண்டுகிறது. சில பத்தாண்டுகள் சென்றால் அவ்விமானத்தில் பழையது எவ்வளவு எஞ்சும் என்பது ஐயமே. அருங்காட்சியகத்துக்காகச் செப்பனிடுவோரோ, பறக்க முடியாதெனினும் பழைய தகட்டையே காக்க முயல்வர். தவிர்க்க முடியாமல் புதியது ஒன்றைச் செய்து சேர்த்தால், பின்வருவோர் ஏமாறாதிருக்க அதன்மீது அடையாளம் இடுவர். சாட்சியத்தில் தம் சொல்லைக் கலவாதிருத்தல் எனும் இந்நேர்மை நம்மை வியக்கச் செய்கிறது. ஓலைச் சுவடியைப் படியெடுப்போரிடத்தும் இதனை எதிர்பார்க்கின்றோம், எப்போதும் கிடைப்பதில்லை.

'இத்தகைய பாவக் கருவியை அழியவிட்டிருக்கலாமே' என்பார் உண்டு. அவர்தம் உள்ளத்தின் வேதனையை மதிக்கின்றோம், கருத்தை ஏற்கவியலவில்லை. வெட்டவெளியில் கிடந்த ஆண்டுகளில் அது அழிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் எவருக்கேனும் வருத்தம் பிறந்ததா? கேட்பாரற்றுக் கிடப்பது தவ்பா ஆகாது. அக்கிரமம் நடந்ததற்கான தடயத்தை மழை கரைத்துவிட்டால் நன்மை அடைவது மறதி ஒன்றே.

எனவே செப்பனிட்டது சரியே. சிக்கல் அதற்குப் பின் தொடங்குகிறது. குண்டுவீச்சின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, மாண்டவர்களின் படங்களும் அழிவின் எச்சங்களும் இடம்பெறும் விரிவான கண்காட்சி ஒன்றை அருங்காட்சியகத்தார் திட்டமிட்டனர். முன்னாள் படைவீரர் சங்கங்கள் வெகுண்டெழுந்தன. ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் தாம் மடிந்திருப்போம் என்று நம்பிய முதியவர்கள் அவர்கள். தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக எண்ணினர். அவ்வச்சத்தை ஏளனம் செய்வது நியாயமாகாது. எனினும் முடிவு என்ன? 1995 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் மே மாதத்தில் பதவி விலகினார். விமானத்தின் முன்பகுதி மட்டும் சுருக்கமான விளக்கத்துடன் அவ்வாண்டு ஜூனில் காட்சிக்கு வந்தது. 2003 டிசம்பரில் வர்ஜீனியாவின் சாண்டிலி நகரில் உட்வார்-ஹேசி மையம் திறக்கப்பட்டபோது, 43 மீட்டர் இறக்கை விரித்து முழு விமானமும் பளபளவென்று நின்றது. அருகே இருந்த பலகை அதன் பொறியியல் சிறப்பை உரைத்தது. மாண்டோர் எத்தனை பேர் என்பதை உரைக்கவில்லை. ஹிரோஷிமாவிலிருந்து முதிய வயதில் கடல் கடந்து வந்தவர்கள் அங்கே நின்று முறையிட்டனர். ஏனைய விமானங்களுக்கு எழுதியவாறே இதற்கும் எழுதியுள்ளோம் என்பது நிறுவனத்தார் மறுமொழி.

அரபியில் படிப்பினையை 'இப்ரத்' என்பர். கடந்து செல்லுதல் எனும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. ஆற்றைக் கடப்பதற்கும் அவ்வேரே. கண்முன் உள்ளதில் நின்றுவிடாமல் அதற்கு அப்பாலுள்ளதை அடைவோனே படிப்பினை பெறுகிறான் என்பது அச்சொல்லுக்குள் அடங்கிய கருத்து. மெருகிட்ட தகட்டில் தன் முகத்தைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் பார்வையாளன் எதனைக் கடந்தான்?

மெருகே தவறென்று இதனால் கொள்ளலாகாது. நார்வே நாட்டு ஏரிகளிலிருந்து இரண்டு ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் மீட்கப்பட்டன. 1942 இல் உறைந்த ஏரிமீது இறங்கி, பின் மூழ்கி, 1973 இல் எடுக்கப்பட்ட ஒன்று, லண்டன் ஹெண்டனில் பெரும்பாலும் எடுத்த கோலத்திலேயே சிதைந்து கிடக்கிறது. நார்வேயின் எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்களை இட்டுவிட்டுத் திரும்புகையில் 1945 ஏப்ரலில் வீழ்த்தப்பட்ட மற்றொன்றை, 1995 இல் வெளியே எடுத்து, கனடாவின் டிரெண்டனில் பத்தாண்டுகள் உழைத்துப் புதுக்கோலம் பெறச் செய்தனர். இரண்டிலும் நாம் குறை காணவில்லை. எவருடைய நினைவுக்காக, என்ன சொல்வதற்காக என்பது அவ்விரு இடத்தாருக்கும் தெரிந்திருந்தது.

ஹிரோஷிமாவிலும் ஒரு செப்பனிடும் பணி நடந்து வருகிறது. குண்டு வெடித்த இடத்தினின்று ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில், எலும்புக்கூடான குவிமாடத்துடன் நிற்கும் கட்டடத்தைக் காப்பதென்று 1966 இல் அந்நகர மன்றம் தீர்மானித்தது. விரிசல்களில் பிசின் செலுத்தினர். உருக்குத் தாங்கிகள் கொடுத்தனர். இத்தனையும் இடிந்த கட்டடம் இடிந்தவாறே நிற்பதற்காக! ஒரே காலைப் பொழுதின் இரண்டு சாட்சிகளுள் ஒன்று புண்ணுடன் காக்கப்படுகிறது. மற்றொன்று புத்தம் புதிதாய்க் காக்கப்படுகிறது.

புண்ணைக் காட்டி நிற்கும் கட்டடத்துக்குப் பலகை இல்லாவிடினும் பொருள் விளங்கும். துலக்கிய விமானத்துக்கு அவ்வாறு இயலாது. அது பேசாததைப் பலகைதான் பேசியாக வேண்டும். சாண்டிலியில் முறையிட்டோர் மாண்டவர்களின் தொகையைச் சேர்க்குமாறு கேட்டனர். சேர்த்திருந்தால் அவ்விமானத்தின் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற வேண்டியிருந்திருக்காது.