கண்ணாடிக்கு அப்பால் ஒரு பகைவன்

வைகையின் வடகரையில், கோரிப்பாளையம் தர்காவுக்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் சில மாதங்களுக்கு முன் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் பயிலும் அவ்வீட்டு மகன் முன்னறையில் நான்கடி நீள மீன்தொட்டி ஒன்று வைத்திருந்தான். தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. இருபுறமும் ஆணும் பெண்ணுமாய் ஒவ்வோர் இணை. சாம்பல் நிற உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட அம்மீனுக்குக் 'கான்விக்ட்' என்று பெயராம். பழங்காலச் சிறைக் கைதியின் உடையை நினைவூட்டுவதால் வந்த பெயர் அது. நான் செபித்து முடித்து எழுந்தபோது, அவன் தொட்டிக்குள் கைவிட்டு நடுக்கண்ணாடியில் படர்ந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்றா?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லை ஃபாதர். வலப்பக்கத்து ஆண் மீன் நேற்றிலிருந்து தன் பெண்ணையே விரட்டிக் கடிக்குது. கண்ணாடி மங்கினால் இப்படித்தான். துடைச்சுவிட்டா அடுத்த பக்கத்து மீன் கண்ணுக்குத் தெரியும். சண்டை அங்கே போயிரும், இங்கே அமைதியாயிரும்."

"நம்ம தெருக் கதையுந்தான் சாமி" என்று சிரித்தார் அவன் பாட்டி. நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆயினும் அந்தச் சிரிப்பு நெடுநாள் நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சிக்ளிட் எனப்படும் இம்மீன் குடும்பம் மிகப் பெரியது. 1,600-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா, மலாவி, தங்கனீக்கா ஏரிகளிலும், நடு மற்றும் தென் அமெரிக்க ஆறுகளிலும் இவை மிகுதி. நமக்கும் இவை முற்றிலும் அயலவை அல்ல. கேரளம் 2010-இல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் அவ்வாறே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் கண்மாய்கள் பலவற்றைத் தன் உடைமையாக்கிக்கொண்டுள்ளது.

இவற்றின் முரட்டுத்தனம் பெரிதும் பிள்ளைப் பாசத்தோடு பிணைந்தது. மீன்களுள் பல, முட்டைகளை நீரில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். சிக்ளிட்டுகளோ அவற்றைக் காத்து, துடுப்பசைவால் நீரோட்டம் தந்து, பொரித்த குஞ்சுகளை மேய்த்துத் திரிகின்றன. ஜிலேபிக் கெண்டையின் தாய் தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்தே காக்கிறது. பிள்ளையைக் காக்க இடம் வேண்டும்; இடத்துக்கு எல்லை வேண்டும்; எல்லைக்காகப் போராட வேண்டும். பாசமும் பகையும் ஒரே வேரில் கிளைப்பதை இங்கே காண்கிறோம். எனினும் ஆற்றில் தோற்ற மீன் விலகி நீந்திப் போய்விடலாம். தொட்டியில் விலகிப் போக இடமில்லை. ஆதலால் ஆற்றில் நொடியில் முடியும் சண்டை தொட்டியில் சாவில் முடிகிறது.

அவ்விளைஞன் தன் அனுபவத்தால் அறிந்ததை ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லாரன்ஸ் 1963-இல் வெளியான, மூர்க்கத்தைப் பற்றிய தம் நூலில் எடுத்துரைத்திருக்கிறார். தனித்து வைக்கப்பட்ட சிக்ளிட் இணையில், விரட்டுவதற்கு வேறு மீன் இல்லாதபோது ஆண் தன் துணையையே தாக்கத் தொடங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் அண்டைவீட்டு எதிரி தென்பட்டால் சினம் அங்கே பாய்கிறது, இல்லறம் பிழைக்கிறது. பாசி படர்ந்து எதிரி மறைந்தால் மீண்டும் வீட்டுக்குள் போர். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் லாரன்ஸ். ஆனால் அவரே 1938-இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவர். மீனின் கண்ணாடியை அத்துணைத் தெளிவாகக் கண்டவர், ஒரு தேசம் தன் ஒற்றுமைக்காக ஓர் இனத்தைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்திய காலத்தில் அதைக் காணவில்லை. பிறர் தொட்டியில் தெரிவது நம் தொட்டியில் தெரிவதில்லை.

பகைவன் ஒருவன் இன்றி மனிதருக்கு ஒற்றுமை இயலாதா? இதுவே என் கேள்வி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார்டு, பலிகடாவைப் பற்றி 1982-இல் எழுதிய நூலில் இக்கேள்வியைத் துருவி ஆராய்ந்தார். பூசலால் சிதறும் கூட்டம், பழி அனைத்தையும் ஒருவன்மீது சுமத்தி, அவனை வெளியேற்றித் தன்னுள் அமைதி காண்கிறது என்பது அவர் கருத்து. மக்களின் பாவங்களைச் சுமந்து பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் ஆட்டை லேவியர் நூலின் 16-ஆம் அதிகாரம் காட்டுகிறது. அதுவரை பகைவராயிருந்த ஏரோதும் பிலாத்துவும் இயேசுவை விசாரித்த அந்நாளில்தான் நண்பராயினர் என்று லூக்கா குறிப்பிடுகிறார். அந்த நட்பின் விலை என்னவென்று நாம் அறிவோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாத் தேர்ப்பவனியில் யாருக்கு முதலிடம் என்பதில் இரு தெருக்களுக்கிடையே ஓயாத பூசல். ஓராண்டு நன்கொடைக் கணக்கில் ஒரு தொகை குறைந்தது. இரு தெருவாரும் வயது முதிர்ந்த உபதேசியார்மீது ஒருமனதாய்ப் பழி சுமத்தினர். அவரைக் குறைகூறும் பொருட்டு, பேசாதவர்கள் பேசினார்கள். ஒரே பந்தலில் அமர்ந்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று என் மனச்சான்று சொன்னது. ஆனால் பங்கில் அமைதி திரும்பிவிட்டதே! நான் வாய் திறக்கவில்லை. அவர் ஊரைவிட்டே போனார். அடுத்த ஆண்டு பழைய ரசீதுக் கட்டொன்றில் அந்தத் தொகைக்கான கணக்கு கிடைத்தது. அதற்குள் இரு தெருக்களும் மீண்டும் மோதிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பாசி படர்ந்துவிட்டது; விரட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

இது மனித இயல்பு, என் செய்வது என்று தேற்றிக்கொள்ளலாமா? சினம் அணை நீர்போல் தேங்கும், எங்கேனும் திறந்துவிட்டே ஆகவேண்டும் என்பது லாரன்ஸின் கருத்து. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிஞர்கள், போர் நம் பிறவியிலேயே விதிக்கப்பட்டது என்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்று அறிவித்தனர். மீனுக்குத் தேர்வு இல்லை, நமக்கு உண்டு. மேலும், தொட்டியில் கண்ணாடி உள்ளது. எவ்வளவு பாய்ந்தாலும் அப்பாலுள்ள மீனுக்குக் கீறலும் விழாது. அந்த இளைஞன் செய்தது சரியே. நம் நடுவிலோ அத்தகைய கண்ணாடி இல்லை. நாம் பாய்ந்த இடத்தில் ஒரு மனிதன் இருந்தான்.

வேறு வழி இருந்ததா? அவ்வீட்டுக்கு மறுமுறை சென்றபோது இளைஞனிடம் கேட்டேன். புதிய மீனை விடுமுன், உள்ளிருக்கும் கற்களையும் மண்சட்டித் துண்டுகளையும் எடுத்து இடம் மாற்றி அடுக்கிவிடுவானாம். பழைய மீனுக்கும் தன் எல்லை எதுவென்று தெரியாது. எல்லாரும் புதியவர் ஆகிவிடுவர். வலுவற்ற மீன் ஒதுங்கி ஒளிய இடமும் இருக்கும். எப்போதும் பலிக்கும் என்றில்லை. ஆனால் பலமுறை உயிர் காத்திருக்கிறது என்றான்.

என் பங்கிலும் நான் கற்களை மாற்றி அடுக்கியிருக்கலாம். தேர் புறப்படும் இடத்தையும் வரிசையையும் மாற்றியிருக்கலாம். இரு தெருவாரும் என்னைச் சினந்திருப்பர். ஆயர் இல்லத்துக்கு மனுக்கள் போயிருக்கும். அந்த அமைதிக்கான விலையை நான் கொடுத்திருக்க வேண்டும். பலிகடா எளிது, ஏனெனில் அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். ஆகவே, குடும்பத்திலோ அன்பியத்திலோ நாட்டிலோ, அமைதி நிலவுகிறது என்று மகிழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இதற்கு விலை கொடுத்தவர் யார்?

சென்ற மாதம் அந்த உபதேசியாரைத் தேடிச் சென்றேன். மகன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார், பார்வை மங்கியிருந்தது. நான் ஆயத்தம் செய்துகொண்டு போன சொற்கள் தொண்டையில் நின்றன. தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு கேட்டார்:

"அதை விடுங்க சாமி. கோயில்ல இப்ப சண்டை இல்லையே?"

நான் என்ன விடை சொல்வேன்?