யார் கட்சிக்காரர்?

வக்கீலிடம் வழக்கை ஒப்படைப்பவரைத் தமிழில் கட்சிக்காரர் என்கிறோம். கோர்ட் வராந்தாவில் இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் குழம்புவதில்லை. ஆனால் அரசு வழக்கறிஞர் என்று வரும்போது அது கொஞ்சம் வம்பு பண்ணுகிறது. அவருடைய கட்சிக்காரர் யார்? ஆளும் கட்சியா, அரசு என்ற நிரந்தரமான அமைப்பா, இல்லை, அந்த அரசுக்குச் சம்பளம் கொடுக்கும் நாமா?

அரசியலமைப்பின் 76ஆவது பிரிவு அட்டர்னி ஜெனரலைப் பற்றிப் பேசுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்குத் தகுதியுள்ள ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருப்பார். மாநில அட்வகேட் ஜெனரலுக்கு 165ஆவது பிரிவு. அங்கே ஆளுநரின் விருப்பம். எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான்: நீதிபதிக்குரிய தகுதியைக் கேட்கிறோம், நீதிபதிக்குரிய பாதுகாப்பைக் கொடுப்பதில்லை. ஒரு நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் வாக்களிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரலை வீட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். 'விருப்பம்' என்பது நடைமுறையில் யாருடைய விருப்பம் என்று நமக்குத் தெரியாதா என்ன? ஆட்சி மாறினா அட்வகேட் ஜெனரலும் மாறுவார். அதை யாரும் செய்தியாகக்கூடப் படிப்பதில்லை.

விருப்பத்தை நம்பிப் பதவியில் இருப்பவர், விருப்பமில்லாததைச் சொல்ல முடியுமா?

1976இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. நீதிபதி எச்.ஆர். கன்னா அவரிடம் கேட்டார்: ஒரு காவலர் பகையின் காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்பதுதான் டே சொன்ன பதிலின் சாரம்.

நீதிபதிகளை அதிரவைக்கத்தான் அவர் அப்படிப் பச்சையாகச் சொன்னார் என்று பின்னாளில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதிரவில்லை. அரசின் வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். வக்கீல் மனதுக்குள் வைத்திருந்த எதிர்ப்பு தீர்ப்பில் ஏறவில்லை, அவர் வாய்விட்டுச் சொன்ன வாதம் ஏறிவிட்டது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய கன்னாவுக்கு மறு வருடமே தலைமை நீதிபதி பதவி மறுக்கப்பட்டது. அவர் ராஜினாமா செய்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆயிற்று.

டேயை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. யார் வந்தாலும் வாதாடுவதுதானே வக்கீல் தொழில், கொலைகாரனுக்கும் ஒரு வக்கீல் வேண்டாமா என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் கொலைகாரனுக்கு வக்கீல் ஏன் வேண்டும்? அவன் எதிரே நிற்பது போலீஸும் சிறையும் கையில் வைத்திருக்கும் அரசு என்பதால். பலமில்லாதவனுக்காகச் சொல்லப்பட்ட நியாயத்தை எடுத்து, எல்லாப் பலமும் உள்ள ஒருவருக்குப் போர்த்திவிட முடியாது. தனியார் வழக்கில் ஜெயிப்பதுதான் கட்சிக்காரரின் நலன். அரசுக்கு அப்படி இல்லை. தோற்க வேண்டிய வழக்கில் அரசு ஜெயித்தால், அதன் குடிமக்கள் தோற்றுப்போகிறார்கள்.

டே வாதாடுவதற்குச் சில மாதங்கள் முன்பு இன்னொருவர் வேறு முடிவெடுத்தார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த ஃபாலி நரிமன் இரண்டே நாளில் பதவி விலகினார். இதை வைத்து அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். பின்னால் போபால் வழக்கில் யூனியன் கார்பைடுக்காக வாதாடியவரும் அவர்தான். அதற்காக வருத்தமும் தெரிவித்தார். மனசாட்சி ஒரு நாள் விழித்துக்கொண்டால் ஆயுள் முழுக்க விழித்தே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆனால் நரிமன் விலக முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருக்குத் திரும்பிப் போகத் தொழில் இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் ஒரு அரசு வழக்கறிஞரை யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஃபீஸ், அடுத்த பதவிக்கான சிபாரிசு. அவரிடம் போய் 'மனசாட்சிப்படி நில்லுங்க சார்' என்று சொல்வது நமக்கு எளிது.

1990இல் உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரசு வழக்கறிஞர்களை ஒரே உத்தரவில் நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இது வெறும் தொழில் ஒப்பந்தம் இல்லை, பொதுப் பொறுப்பு, அரசு இஷ்டத்துக்கு நடக்க முடியாது என்றது. 2016இல் பஞ்சாப், ஹரியானா தொடர்பான வழக்கிலும் அரசு வழக்கறிஞர்களைத் திறமை பார்த்து, நியாயமான முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. இவற்றை வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் நான் பார்ப்பதில்லை. திறமையால் வந்தவருக்கு 'முடியாது' என்று சொல்லக் கொஞ்சம் இடம் இருக்கும். தயவால் வந்தவர் அந்தத் தயவை வாதங்களாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விருப்பத்துக்கும் ஒரு தரம் உண்டு. முந்த்ரா விவகாரத்தை 1958இல் நீதிபதி சாக்ளா விசாரித்தபோது, முதல் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செடல்வாட் கமிஷன் முன் வந்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியைக் காப்பாற்றும் வக்கீலாக அவர் நிற்கவில்லை. அமைச்சர் ராஜினாமா செய்தார். செடல்வாட் அதன் பிறகும் 1963 வரை பதவியில் இருந்தார். அதே பிரிவு, அதே 'விருப்பம் உள்ளவரை' என்ற சொல். சங்கடமான உண்மையைத் தாங்கிக்கொள்ளும் அரசு அன்று இருந்தது. 1976இல் இல்லை.

ஆனால் சட்ட அதிகாரியின் நேர்மை ஆள்பவர்களின் பெருந்தன்மையை நம்பி இருக்கலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். எங்கே நிறுத்திக்கொள்வோம் என்பதை நெருக்கடி வந்த பிறகு முடிவுசெய்ய முடியாது. அதற்குள் நூறு சின்னச் சமரசங்கள் பழகிவிட்டிருக்கும். எந்த வாதத்தை நான் சொல்ல மாட்டேன் என்ற பட்டியல், நியமன ஆணையை வாங்கும் நாளிலேயே மனதில் இருக்க வேண்டும். சட்டம் படிக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பட்டியலின் முதல் வரியை இப்போதே எழுதிவைக்கலாம்.