பிறர்பொருட்டு மெய்வருந்துதல்

வறிய பிள்ளைகளின் கல்விக்குப் பொருள் திரட்டுவான் வேண்டித் துவிச்சக்கரவண்டியில் நெடுந்தூரஞ் செல்லும் வழக்கம் இஞ்ஞான்று பல தேசங்களிலும் பரவியுள்ளது. செல்வோர் இத்துணை மைல் ஓட்டுவேமென முன்னர் உறுதி கூறுவர். உற்றாரும் நண்பரும் அவ்வுறுதியை நோக்கிப் பொருள் உதவுவர். இதன்கண் ஓர் ஐயம் நிகழும். ஈய விரும்புவோன் ஈந்துவிடலாமே. அவன் கால்கள் வருந்துதலாற் பிள்ளை ஓரெழுத்தேனும் மிகுதியாகக் கற்குமோ? கல்லாது. அங்ஙனமாயின் அவ்வருத்தம் வீண்போலுமெனின், அன்றென்க.

வருத்தம் ஈகையன்று, இரத்தற்கு வைத்த ஈடாம். தன்பால் யாதொன்றும் இழவாது பிறரைக் கேட்போன் சொல்லுக்குக் கேட்போர் உள்ளம் இசையாது. அவ்வீடு மெய்யாவது ஓட்டம் நிகழும் நாளிலன்று. அதற்கு முற்பட்ட வாரங்களிலேயாம். அந்நாளிற் கைதட்டுங் கூட்டமுண்டு, உடன்செல்வார் ஊக்கமுண்டு. விடியற்காலையிற் பனியினூடே தனித்து மிதிப்பவனைக் காண்பார் இலர்.

ஆயத்தம் எவ்வாறு செய்யப்படும்? சில மாதம் முன்னரே தொடங்கித் தூரத்தை வாரந்தோறுஞ் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். இடையிடையே ஓய்வு வேண்டும். மிதி கீழே நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு இருக்கையை அமைத்தல், பிறேக்கு, சங்கிலி, ரயர் என்பவற்றைச் சோதித்தல், தலைக்கவசம் அணிதல், களைக்குமுன்னரே நீரும் உணவுங் கொள்ளப் பழகுதல் என இவையெல்லாம் அற்பமாகத் தோன்றும். ஆயினும், தன் விருப்பிற்கு ஓட்டுவோன் இவற்றைக் கைவிடின் கேடு பெரும்பாலும் அவனோடொழியும். பிள்ளைகளின் பெயராற் பொருள் வாங்கியோன் கைவிட்டு வழிநடுவே வீழ்வானாயின் பிறர் வைத்த நம்பிக்கையும் உடன்வீழும். பொழுதுபோக்காயிருந்தது வாக்குக் கொடுத்த அக்கணமே கடனாகின்றது.

இவ்விடத்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுதும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், 2005இல் ஐக்கிய அமெரிக்காவில் வேர்ல்ட் பைசிக்கிள் றிலீவ் என்னுஞ் சங்கம் தோன்றியது. அதன் முதற்பணி நம் இலங்கையிலேயே நிகழ்ந்தது. 24,000க்கு மேற்பட்ட துவிச்சக்கரவண்டிகள் இங்கே வழங்கப்பட்டன. பின்னர் அது சாம்பியா தேசத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உறுதியான இரும்புவண்டிகளை வழங்கலாயிற்று. இதற்காகும் பொருளில் ஒரு பகுதி ஓட்டங்களாலும் திரட்டப்படுகின்றது. பாடசாலைக்கு 3 கிலோமீற்றருக்கு அப்பால் வாழுஞ் சிறுமியரை அங்கே ஆராய்ந்தோர், வண்டி பெற்றோரின் வழிச்செல் நேரம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததென்றும், பாடசாலைக்கு வாராத நாட்கள் கால்பங்குக்கு மேலாகக் குறைந்தனவென்றும் கண்டனர்.

அச்சிறுமியின் நடையையும் நம் ஓட்டத்தையும் ஒருதட்டில் வைத்தல் தகுமோ? ஓட்டுவோன் தானே தெரிந்துகொண்ட வருத்தம் ஒருநாளின் முடியும். மாலையில் மோட்டார் வண்டி அவனை வீட்டிற் சேர்க்கும். அவளோ தெரிந்துகொண்டாளல்லள், மறுநாளும் நடப்பாள். ஆதலின் ‘அவர்கள் துன்பத்தை யாமும் அறிந்தோம்’ என்று மேடையேறிக் கூறுவாரை யாம் மெச்சுவதில்லை. (விலையுயர்ந்த ஓட்டவண்டியொன்றின் கிரயத்தால் அத்தகைய இரும்புவண்டிகள் பல வாங்கலாமென்பதும் அன்னார் கருதத்தக்கது.)

ஆசிரியர்களாகிய நீவிர் இத்தகைய ஓட்டத்திற்கு மாணாக்கரை ஆயத்தஞ்செய்ய நேரிடலாம். உதவிபெறும் பிள்ளைகளைத் தெரிந்து கொடுக்கவும் நேரிடலாம். பின்னையதே அரிது. பெறும் பிள்ளையை மாலையிட்டோரெதிரே நிறுத்திப் படம் பிடிப்பித்தல் ஆகாது. அப்பிள்ளை அடுத்தநாள் அதே வகுப்பில், அதே தோழரிடையே இருத்தல்வேண்டுமன்றோ! பெயர்கள் தலைமையாசிரியர் ஏட்டளவில் நிற்க. திரண்ட பொருளெத்துணை, உணவுக்கும் உடுப்புக்கும் விளம்பரத்துக்குஞ் செலவானதெத்துணை, பிள்ளைகளைச் சேர்ந்ததெத்துணை என்னுங் கணக்கு மாத்திரம், ஓட்டம் முடிந்த மாதத்துள்ளே, சிறுதொகை ஈந்தாரும் உட்பட அனைவர்க்கும் எழுதியனுப்பப்படுக.